பேர் சொல்லாத மரம்

பேரீச்சங்கன்று வாங்குகிறவர் பழத்தைப் பார்த்து வாங்குவதில்லை. விற்கிறவரின் வாயை நம்பி வாங்குகிறார். தாய்மரத்தின் அடியில் கிளைத்த பக்கக்கன்றைப் பிரித்து நட்டால், அது ஒழுங்காகக் காய்க்க நான்கைந்து வருடமாவது ஆகும். கலாஸ் என்று சொல்லி விற்ற கன்று கலாஸ்தானா, சந்தையில் சீந்துவாரில்லாத வேறு ரகமா என்பது முதல் குலை பழுக்கும்போதுதான் வெளிப்படும். அதற்குள் தண்ணீர், எரு, கூலி என்று கொட்டவேண்டியதெல்லாம் கொட்டியாகியிருக்கும். காய்ப்பதற்கு முன்பே ரகத்தைச் சொல்ல வழி உண்டா? சவூதி அரேபியாவின் கிழக்கே, அல்அஹ்ஸா பாலைச்சோலையில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் ஓடியது.

அங்கே எனக்கு இரண்டு வேலை. காலையில் தோப்பில் அளவு நாடாவோடு மட்டை அளப்பது. மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் அதே மரத்தின் புரதத்தைப் பிரித்துப் பார்ப்பது. வெளித்தோற்றம், புரத வரிசை இரண்டையும் வைத்து ரகங்களை ஒப்பிட்டுப் பட்டியல் போட வேண்டும். கேட்பதற்குச் சுளுவான வேலை. செய்யச் செய்யத்தான் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது: எந்த மரத்தில், எந்த மட்டையை, எந்த நாளில் வெட்டுகிறோம் என்பதில். அதைச் சரியாகச் செய்தால் கருவி சொல்வதைக் கேட்கலாம். அதில் கோட்டை விட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் ஊமைதான்.

அல்அஹ்ஸாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேரீச்சை மரங்கள் இருப்பதாகக் கணக்கு. 2018-இல் யுனெஸ்கோ அந்தச் சோலையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஒரு காலத்தில் ஊற்றுகள் தாமாகப் பொங்கிப் பாய்ந்த பூமி. நான் இருந்தபோது, 1971-இல் கட்டி முடித்த பாசன வாய்க்கால்கள் தோப்புகளுக்கிடையே ஓடின. வடிகாலில் சேரும் தண்ணீரையும் வீணாக்காமல் கலந்து பாய்ச்சினார்கள். ரகங்களில் கலாஸ், ருஸேஸ், ஷீஷி மூன்றும் அந்த மண்ணின் பெரிய பெயர்கள். முன்பு தோப்புகளில் ருஸேஸ்தான் நிறைந்திருந்தது. கலாஸுக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். கிராக்கி எங்கே இருக்கிறதோ அங்கே பெயர் மாற்றி விற்பதும் இருக்கும்.

பேரீச்சையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கொட்டையை ஊன்றினால் முளைப்பதில் பாதிக்குப் பாதி ஆணாகப் போய்விடும்; மீதிப் பாதி பெண்ணும் தாயைக் கொண்டு பிறக்காது. அதனால் ரகம் என்று ஒன்று நிலைக்க வேண்டுமானால் பக்கக்கன்று வழியாகத்தான் நிலைக்கும். கணக்காகப் பார்த்தால் ஒரு ரகம் என்பது என்றோ எங்கோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்த ஒற்றை மரம். கன்றுக்குக் கன்றாகக் கைமாறிப் பல தோப்புகளில் நிற்கிறது. இதற்கு நல்ல சாட்சி மெட்ஜூல். மொராக்கோவில் பயூத் என்னும் பூஞ்சை நோய் பேரீச்சைகளை அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்க வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள் 1927-இல் அங்கிருந்த ஒரு சோலையிலிருந்து 11 கன்றுகளைக் கொண்டுபோனார். நெவாடாவில் தனிமைப்படுத்தி வளர்த்ததில் 9 தேறின. கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் பரவிய மெட்ஜூல் தோப்புகளுக்கு அந்த ஒன்பதுதான் மூலம்.

ஆக, ஒரே ரகத்து மரங்களெல்லாம் உள்ளுக்குள் ஒரே மரம். அப்படியானால் அவற்றின் புரதமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு புரதக் கைரேகை இருக்குமே, அதை எடுத்துவிட்டால் கன்றிலேயே ரகத்தைச் சொல்லிவிடலாமே? எங்கள் ஆய்வு முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. பாதி சரி. மறுபாதியைத் தோப்பில்தான் கற்றுக்கொண்டேன்.

வெளித்தோற்றத்தை அளப்பதற்கு என்று பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனம் 2005-இல் ஒரு குறிப்பேடு வெளியிட்டது. மட்டையின் நீளம், அடியகலம், முள் நிற்கும் பகுதி எவ்வளவு, ஓலை நிற்கும் பகுதி எவ்வளவு, முள் ஒற்றையா இரட்டையா மூன்றா, ஓலை எந்தக் கோணத்தில் நிற்கிறது, பாளையின் நீளம், குலைக்காம்பின் நிறம், காயின் வடிவம், கொட்டையின் பள்ளம் என்று பக்கம் பக்கமாகப் போகும். பேரீச்சையின் முள் தனியான உறுப்பல்ல, உருமாறிய ஓலைதான். மட்டையின் அடியிலிருந்து மேலே போகப் போக முள் மெல்ல நீண்டு, தட்டையாகி, ஒரு கட்டத்தில் ஓலையாகிவிடும். அந்த மாறும் இடம் எங்கே வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். காய் இல்லாத காலத்திலும் கைகொடுக்கும் அடையாளங்களில் அது முக்கியமானது. ஆனால் அதை அளக்கப்போகிறவர் தடித்த கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். முள் மூட்டில் ஏறி நுனி ஒடிந்துவிட்டால் வீக்கம் மாதக்கணக்கில் வாட்டும்.

எந்த மட்டையை அளப்பது? ஒரு மரம் வருடத்துக்குப் பத்து முதல் இருபது மட்டை விடும். ஒவ்வொரு மட்டையும் சில வருடம் உயிரோடு இருக்கும். குருத்துக்குப் பக்கத்தில் இருப்பது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அடி வரிசையில் தொங்குவது காய்ந்துகொண்டிருக்கும். அடிமரத்தில் மட்டைத் தழும்புகளைப் பார்த்தால் 13 சாய்ந்த வரிசைகள் தெரியும். சில மரத்தில் இடம் சுற்றும், சிலவற்றில் வலம் சுற்றும். அதில் ஒரு வரிசையைப் பிடித்து, குருத்திலிருந்து கீழே எண்ணி, முழுதாக விரிந்து முற்றிய நடுமட்டையை வெட்ட வேண்டும். எல்லா மரத்திலும் அதே எண்ணிக்கை. ஒரு மரத்தில் இளமட்டை, இன்னொன்றில் கிழமட்டை என்று அளந்தால் வருவது ரகத்தின் வேற்றுமை அல்ல, வயதின் வேற்றுமை.

எங்களுக்கு மட்டை வெட்டிக்கொடுத்தவர் அந்தச் சோலையிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். எல்லோரும் ஹாஜி என்று கூப்பிடுவார்கள்; நானும் அப்படியே. இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றும் கர் என்ற கயிற்று வாரைத் தட்டித் தட்டி மேலே தூக்கிக்கொண்டு, மட்டைத் தழும்பில் கால் வைத்து ஏறுவார். தூரத்திலிருந்தே ‘அது கலாஸ், அது ருஸேஸ், அது கொட்டையில் முளைச்சது, பேர் கிடையாது’ என்று சொல்லிக்கொண்டு போவார். நான் என் பட்டியலில் அளந்து குறித்து, கணக்குப் போட்டு, கடைசியில் அவர் சொன்ன பெயருக்கே வந்து சேர்வேன். அவர் ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துச் சொல்வதில்லை. மட்டையின் வளைவு, முள்ளின் தடிப்பு, மட்டையடியின் நிறம், குலைக்காம்பு வெட்டிய மிச்சத்தின் நீளம் எல்லாம் ஒரே பார்வையில் விழும். நான் தனித்தனியாக அளந்து பிறகு கூட்டுவதை அவர் கூட்டியபடியே பார்த்தார்.

ஒருநாள் வடிகால் ஓரத்தில் நின்ற ஒரு மரத்தைக் காட்டி “இது என்ன ரகம், ஹாஜி?” என்று கேட்டேன். மட்டை குட்டை, ஓலை நுனி கருகியிருந்தது. அவர் சுற்றிவந்து பார்த்தார். பதில் வரவில்லை. மரத்தடி மண்ணைக் காலால் கிளறினார். வெள்ளையாகப் பூத்திருந்தது. அவருக்கு நான் முஹந்திஸ், அதாவது இன்ஜினியர்.

“முஹந்திஸ், இது உப்புத் தண்ணி குடிச்ச மரம். பேர் சொல்லாது. பக்கத்துல தாய்மரம் எங்கேன்னு தோப்புக்காரனைக் கேளு.”

அவர் சொன்னது ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ‘சூழல் விளைவு’ என்று ஒரு வரியில் கடந்துபோகும் விஷயம். மட்டை நீளம், காய் எடை, குலை எடை மூன்றும் தண்ணீரையும் உப்பையும் உரத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். முள்ளின் அமைப்பும், காய் நிறமும், கொட்டையின் பள்ளமும் அவ்வளவு அசையாது. எண்ணால் அளப்பவை ஆட்டம் காணும். கண்ணால் வகைப்படுத்துபவை பெரும்பாலும் நிற்கும். அதற்குப் பிறகு என் குறிப்பேட்டில் மரத்தின் எண்ணுக்கு அடுத்த கட்டத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதும் வழக்கம் வந்தது.

இனி ஆய்வுக்கூடம். ஓலையிலிருந்து புரதம் எடுப்பது பேரீச்சையில் லேசுப்பட்ட வேலையல்ல. நார் அதிகம், திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்து உரலில் இடித்தால்தான் தூளாகும். அதைவிடத் தொந்தரவு டானின். பழுக்காத பேரீச்சங்காயைக் கடித்தால் நாக்கு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்துப் படியவைப்பதால் வருவது அந்தத் துவர்ப்பு. மாதிரிக்குழாயிலும் அதே வேலையைத்தான் செய்யும்: நாம் எடுக்க நினைக்கும் புரதத்தைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். வடித்த சாறு நிமிடங்களில் பழுப்பாகிவிட்டால் அந்த மாதிரி அவ்வளவுதான். டானினை உறிஞ்சும் பிவிபிபி தூளைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஐஸில் வைத்து, வேகமாக முடிக்க வேண்டும். பர்ஹி போன்ற ரகங்களில் காய் மஞ்சளாக இருக்கும்போதே துவர்ப்புக் குறைவு. அதனால்தான் அதை அப்படியே கடித்துத் தின்கிறார்கள். காயிலிருந்து புரதம் எடுக்கும்போது எந்த ரகம் படுத்தும் என்பதை நாக்கே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

சாற்றில் புரதம் எவ்வளவு என்று பிராட்ஃபோர்டு முறையில் அளந்து, எல்லா மாதிரியும் ஒரே அளவு வரும்படி செய்து, எஸ்டிஎஸ் கரைசலில் கொதிக்கவைப்போம். எஸ்டிஎஸ் புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, நீளத்துக்குத் தக்கபடி எதிர்மின்னேற்றத்தை ஏற்றிவிடும். பிறகு அக்ரிலமைடு ஜெல்லின் குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதம் வேகமாக இறங்கும், பெரியது மேலேயே தங்கும். 1970-இல் லேம்லி வகுத்த முறை. இன்றும் உலகம் முழுக்க இதுதான். கூமாஸி நீலத்தில் ஊறவைத்து, வேண்டாத சாயத்தைக் கழுவினால், தடத்துக்குத் தடம் நீலப் பட்டைகள் ஏணிப்படி மாதிரித் தெரியும்.

எங்களோடு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். தன் முதல் ஜெல்லைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“அண்ணே, எல்லா ரகத்துலயும் நடுவுல ஒரே தடியா ஒரு பேண்டு நிக்குது. லோடு அதிகமாயிடுச்சா?”

“லோடு சரிதான் தம்பி. அது ருபிஸ்கோ. பச்சை ஓலை எதை எடுத்தாலும் அதுதான் முதல்ல வந்து நிக்கும்.”

“அப்ப கலாஸ், ருஸேஸ் எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது?”

“அதைத் தாண்டிப் பாக்கணும். அதுதான் வேலை.”

காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் நொதி ருபிஸ்கோ. அதன் பெரிய துண்டு எடையில் 55 கிலோடால்டன் பக்கத்திலும், சிறிய துண்டு 15 பக்கத்திலும் நிற்கும். இலையில் கரையும் புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூட அதுவாகவே இருக்கும். எல்லாப் பச்சை மரத்துக்கும் பொதுவான புரதம் ஜெல்லில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரகத்தைப் பிரித்துக்காட்டும் புரதங்கள் அதன் நிழலில் மங்கலாக நிற்கின்றன. மிகுதியாக இருப்பது எதையும் பிரித்துச் சொல்லாது.

அடுத்து நாங்கள் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தோம். ஒரே கலாஸ் மரத்தின் ஓலையை ஜனவரியிலும் ஆகஸ்டிலும் எடுத்து, பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் ஓட்டினோம். தெரியாதவர் பார்த்தால் இரண்டு ரகம் என்று சொல்லிவிடுவார். அல்அஹ்ஸாவில் கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மரம் தன் புரதங்கள் குலையாமல் காக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அவற்றுக்கு அவசியமில்லை. மரபணு ஒன்றுதான், ஆனால் அதில் எந்தப் பக்கத்தை இன்று வாசிப்பது என்பதை வெயிலும் தண்ணீரும் உப்பும் ஓலையின் வயதும் தீர்மானிக்கின்றன. அதனால் புரத வரிசை மரத்தின் பெயரைச் சொல்வதைவிட மரத்தின் உடல்நிலையைத்தான் முந்திக்கொண்டு சொல்லும். ஹாஜி வடிகால் ஓரத்தில் சொன்னதை ஜெல்லும் தன் பாஷையில் சொன்னது.

அப்படியானால் விதையை எடுப்போமே என்று ஒரு யோசனை. கொட்டை காய்ந்த பொருள். வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாது. பயறு, கோதுமை ரகங்களை விதைப் புரதத்தால் பிரிப்பது பழைய, கைகண்ட முறை. பேரீச்சங்கொட்டையில் 5 முதல் 7 சதவீதம்வரை புரதம் உண்டு. பழத்தின் சதையில் இருப்பதைவிட அதிகம். சதையிலோ பிஞ்சுப் பருவத்தில் இருந்த புரதம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரைக்கு இடம் விட்டு 2, 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் கொட்டையில் வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது: தகப்பன்.

பழத்தின் சதையும் கொட்டையின் மேல்தோலும் முழுக்கத் தாய்மரத்தின் உடல். உள்ளே இருக்கும் கரு, தாயும் தகப்பனும் சமபாதி. கொட்டையின் பெரும்பகுதியாகிய கெட்டியான முளைசூழ்தசையில் இரண்டு பங்கு தாய், ஒரு பங்கு தகப்பன். கலாஸ் மரத்துக் கொட்டையை அரைத்து ஓட்டினால் கலாஸோடு சேர்ந்து, பாளை வெடித்தபோது ஹாஜி எந்த ஆண் மரத்துப் பூவை வைத்துக் கட்டினாரோ அந்த மரமும் ஜெல்லில் வந்து நிற்கும். கோதுமை தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்வது. அங்கே இந்தச் சிக்கல் இல்லை. தோப்புக்காரர்கள் நாற்பது, ஐம்பது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் என்று வைத்திருப்பார்கள். பற்றாக்குறையான வருடம் சந்தையிலும் ஆண் பூ வாங்குவார்கள். அந்த ஆண் பெரும்பாலும் கொட்டையில் முளைத்த, பேரில்லாத மரம்.

தகப்பனின் கை கொட்டையோடு நிற்பதுமில்லை. கலிபோர்னியாவில் இண்டியோ நகரில் ராய் நிக்ஸன் 1920-களில் வெவ்வேறு ஆண் மரங்களின் மகரந்தத்தை ஒரே பெண் மரத்தின் குலைகளில் வைத்துப் பார்த்தார். காயின் அளவும் பழுக்கும் காலமும் மாறின. சதையில் தகப்பனின் மரபணு இல்லாதபோதும் அதன் தாக்கம் சதையில் தெரிகிறது. மெட்ஜூல் கன்று கொண்டுபோன அதே ஸ்விங்கிள் 1928-இல் இதற்கு மெட்டாசீனியா என்று பெயர் வைத்தார். ஆகவே காயின் எடையை வைத்து இரண்டு ரகத்தை ஒப்பிட வேண்டுமானாலும், கொட்டைப் புரதத்தை வைத்து ஒப்பிட வேண்டுமானாலும், இரண்டு மரத்துக்கும் ஒரே ஆண் மரத்துப் பூவை வைத்து, பாளைக்கு உறை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அந்த வேலை பிப்ரவரி, மார்ச்சில். காயை அளப்பது ஆகஸ்டில். ஆய்வு ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அது ஆறு மாதம் முன்னால் மரத்தின் உச்சியில் தொடங்கிவிட்டிருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்து நல்ல ஜெல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது எண்ணுவது. பட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இரண்டு ரகங்களுக்குப் பொதுவாக இருப்பவை எத்தனை என்று பார்த்து ஒப்புமை விகிதம் போட்டு, கிளைகிளையாக ஒரு வரைபடம் வரையலாம். சுவிட்சர்லாந்தின் பால் ஜக்கார் மலைத் தாவரங்களை ஒப்பிடுவதற்காக நூறு வருடத்துக்கும் முன்பு வகுத்த விகிதம்தான் இதில் அதிகம் புழங்குவது. இரண்டிலும் இல்லாததை அது ஒற்றுமையாகக் கொள்ளாது. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. வேறு விகிதங்கள் இல்லாமையையும் ஒற்றுமையாக எண்ணும்; அதே ஜெல்லிலிருந்து வேறு வரைபடம் வரும். மங்கலாகத் தெரியும் பட்டையை 1 என்பதா 0 என்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடக்கும். கடைசியில் ஒரு விதி வைத்தோம்: அந்த ரகத்தின் மூன்று மரத்திலும், மறுபடி எடுத்த மாதிரியிலும் திரும்பத் தெரிந்தால்தான் கணக்கு. பட்டைகள் பல விழுந்துபோயின. மிஞ்சியவற்றை நம்ப முடிந்தது. ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு பட்டை ஒரே புரதம் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எடை ஒன்று, அவ்வளவுதான்.

புரதத்தை ஒப்பிடுவது வீண் என்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கையாகப் பார்ப்பதைவிட, ஒரு குணத்தை உண்டாக்கும் புரதத்தைத் தேடிப்போனால் அள்ளிக்கொடுக்கும். சுக்கரி, டெக்லெட் நூர் இரண்டிலும் சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரை, அதிகம். கலாஸ், பர்ஹி போன்ற மென்மையான பழங்களில் அது குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடைந்துவிடுகிறது. உடைப்பது இன்வர்டேஸ் என்னும் நொதி. அதுவும் ஒரு புரதம்தான். அபுதாபியிலுள்ள நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2019-இல் வெளியிட்ட ஆய்வு, சுக்ரோஸ் மிகும் ரகங்களில் இன்வர்டேஸ் மரபணுக்கள் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் காட்டியது. வாயில் போட்டதும் மொறுமொறுப்பதா, தேனாகக் கரைவதா என்பதில் ஒரு புரதத்துக்கு இத்தனை பங்கு. அதே ஆய்வு காய் நிறத்தையும் தொட்டது. குனைஸி போன்ற காய் சிவப்பதற்கும் பர்ஹி மஞ்சளாகவே நிற்பதற்கும், சிவப்பு நிறமியைத் தூண்டும் ஒரு புரதம் முழுதாக இருக்கிறதா, நடுவில் தாவும் மரபணுத் துண்டு புகுந்து கெட்டுவிட்டதா என்பதே காரணம். அந்தத் துண்டுக்கு அரபு மாலுமி இப்னு மாஜிதின் பெயரை வைத்திருக்கிறார்கள். இந்தத் தூண்டு புரதம் செல்லில் அணுவளவே இருக்கும். எங்கள் நீலச் சாயத்தில் எந்தக் காலத்திலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஜெல்லில் தடியாகத் தெரிந்த ருபிஸ்கோ ரகத்தைச் சொல்லவில்லை. ரகத்தைச் சொல்லும் புரதம் ஜெல்லில் தெரியவில்லை.

உடல்நிலையைச் சொல்லும் குணமும் வேறு இடத்தில் பயன்பட்டது. துனிசியாவில் ஓலை வெளுத்து, தொட்டால் நொறுங்கும் நோய் ஒன்று பேரீச்சையைப் பிடித்தது. அந்த மரங்களில் மாங்கனீசு பற்றாக்குறை. நல்ல ஓலையின் புரதத்தையும் நோய்ப்பட்ட ஓலையின் புரதத்தையும் ஒப்பிட்டபோது, ஒளிச்சேர்க்கையில் மாங்கனீசோடு சேர்ந்து இயங்கும் புரதம் குறைந்திருப்பது தெரிந்தது. ரகம் என்ன என்று கேட்டால் தடுமாறும் முறை, மரத்துக்கு என்ன என்று கேட்டால் தெளிவாகப் பேசுகிறது.

பெயரைக் கேட்க இப்போது டிஎன்ஏ இருக்கிறது. பேரீச்சைக்கான நுண்மீள்வரிசைக் குறியீடுகள் 2004 முதல் கிடைத்தன. கத்தாரில் செய்த கலாஸ் மரபணுத்தொகுதி வரைவு 2011-இல் வந்தது. 2013-இல் சவூதியும் சீனாவும் சேர்ந்து அதே கலாஸை இன்னும் முழுமையாக வெளியிட்டன. ஜனவரி ஓலையா ஆகஸ்டு ஓலையா, நல்ல தண்ணீரா வடிகால் தண்ணீரா என்ற கவலை டிஎன்ஏவுக்கு இல்லை. ஆனால் ஒப்பிடுவதற்குப் பெயர் உறுதியான தாய்மரம் ஒன்று வேண்டும். அதை யார் அடையாளம் காட்டுவது? அங்கே மறுபடி ஹாஜியிடம்தான் போக வேண்டும். அவர் ‘இது கலாஸ்’ என்று கை வைத்த மரம்தான் கணினியிலும் கலாஸ்.

ஊர் திரும்பிய பிறகு தர்மபுரிப் பக்கத்திலிருந்து விவசாயிகள் கூப்பிடுகிறார்கள். அங்கே வளர்வது பெரும்பாலும் பர்ஹி. மழைக்கு முன் மஞ்சள் காயாகவே விற்றுவிடலாம் என்பதால் நம் பருவத்துக்குத் தோதான ரகம். கன்றுகள் திசு வளர்ப்பில் வந்தவை. அது நல்லதுதான். பக்கக்கன்று ஊர்விட்டு ஊர் போகும்போது சிவப்புக் கூன்வண்டும் கூடவே போகும். நம் தென்னையைக் குடையும் அதே வண்டு, 1980-களில் வளைகுடாவுக்குப் போய்ப் பேரீச்சையைப் பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தில் வளர்த்த கன்றில் அந்த அபாயம் இல்லை. ஆனால் திசு வளர்ப்பில் சில மரம் மாறிப்போகும். பர்ஹியில் இது தெரிந்த விஷயம்: மரம் குட்டையாக நின்றுவிடும்; அல்லது பூவில் மூன்று சூலில் ஒன்று காயாவதற்குப் பதில் மூன்றும் சேர்ந்து ஊதி, கொட்டையில்லாமல், பழுக்காமல் நிற்கும். இந்த மரத்தின் டிஎன்ஏவைக் கொடுத்தாலும் ஆய்வகம் பர்ஹி என்றுதான் எழுதித்தரும். அது பொய்யல்ல. பெயர் பர்ஹிதான், நடத்தைதான் மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் காய்க்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே “ஓலை அனுப்பறேன் சார், டெஸ்ட் பண்ணி ரகம் சொல்லுங்க” என்று கேட்பவர்களிடம் முதலில் மூன்று கேள்வி கேட்கிறேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு? கன்றெல்லாம் ஒரே வரவில் வாங்கியதா? மகரந்தத்துக்கு எந்த ஆண் மரத்தை வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான சந்தேகம் இந்த மூன்றிலேயே தீர்ந்துவிடும். காய் சிறுத்ததற்கு ரகம் காரணமாக இருக்காது. அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ பரிசோதனைக்கு வழி சொல்கிறேன். கூடவே வரிசை வரிசையாக மரத்துக்கு எண் போட்டு, எந்தக் கன்று எந்த வரவு என்று எழுதிவைக்கவும், முதல் குலை முழுதாகப் பழுக்கும்வரை நாற்றங்கால் கொடுத்த பில்லைக் கிழித்துப் போடாமல் இருக்கவும் சொல்கிறேன். ஒரு தோப்பில் நஷ்டஈடு வாங்கித்தந்தது அந்தப் பில்தான்.